பூட்ஸில் இரண்டு தட்டு

முந்நூறு கெஜ ரைபிள் போட்டியில் நாட்டின் முதல் சாம்பியன் ஒரு நெசவாலை பிட்டர் என்பது இன்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும், பட்டம் வாங்கிய கையோடு அவர் ஏன் துப்பாக்கியைக் கீழே வைத்தார் என்று தெரியாது. கண் மங்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மனைவிக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

ஆலையில் அவரைக் கல்லு என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது பேச்சுக்குத்தான். தறிக்கூடத்துக்குள் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின் கீழ் அடித்துக்கொண்டிருக்கும்போது, காதில் வாயை வைத்துக் கத்தினாலும் மூச்சுக்காற்றுதான் வந்து படும். அங்கே வேலை பார்ப்பவர்கள் உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்வார்கள். பெயர்களுக்குக் கை ஜாடை உண்டு. மேஸ்திரிக்கு மூக்கின் மேல் இரண்டு விரல், அவருடைய கண்ணாடிக்காக. கல்லுவுக்கு, உள்ளங்கையில் வைத்த முஷ்டி.

அந்தப் பெயர் அவர் பழுது பார்க்கும் விதத்தால் வந்தது. ஒரு தறி தகராறு செய்தால் மற்ற பிட்டர்கள் ஸ்பேனரும் கையுமாக வருவார்கள். அவர் வெறுங்கையோடு வந்து, ஓடுகிற தறியின் பக்கச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்பது அதிர்வில் வந்து சேரும் வரை கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார். "வைத்தியர் நாடி பாக்குறார், பீஸை எடுத்து வை" என்று நெசவுக்காரர்கள் உதட்டாலேயே கிண்டல் செய்வார்கள்.

ஆலை முதலாளிக்குத் துப்பாக்கிப் பைத்தியம். நகரத்து ரைபிள் கிளப்பில் பெரிய மனிதர்களிடம் வருஷா வருஷம் தோற்றுத் திரும்பி வந்தவர், தன்னால் முடியாததை ஆட்களை வைத்துச் செய்யலாம் என்று முடிவுக்கு வந்தார். கூடங்களுக்குப் பின்னால் குன்று வெட்டிய இடத்தில் சுடுதளம் ஒன்று போட்டார். தொழிலாளிகளை வரிசையாகப் படுக்கவைத்து, துப்பாக்கியைக் கொடுத்து, குழலின் நுனியில் ஒரு தீப்பெட்டியை நிற்க வைத்தார். மற்றவர்களின் தீப்பெட்டிகள் விழுந்து, பொறுக்கப்பட்டு, மறுபடி விழுந்துகொண்டிருந்தன. கல்லுவின் தீப்பெட்டியை முதலாளியே கையால் எடுக்க வேண்டியிருந்தது.

படுத்துச் சுடுகிறவனுக்கு எதிரி அவனுடைய நாடிதான். துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் கைவாரை இறுக்கிக் கட்டியதும் ரத்தம் ஒவ்வொரு முறை தட்டும்போதும் முன்குறி ஒரு மயிரிழை எழுந்து இறங்கும். முந்நூறு கெஜத்தில் அந்த மயிரிழை ஒரு சாண் ஆகிவிடும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதற்குள் விசையை அழுத்திவிட வேண்டும். இதைக் கல்லுவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தறிச் சட்டத்தில் கற்றதைத் தன் கையில் செய்தார், அவ்வளவுதான். ஆனால் மெதுவாகச் செய்தார். வரிசையில் எல்லாரும் முடித்துவிட்டு எழுந்து தூசி தட்டும்போது அவருக்கு இன்னும் இரண்டு மூன்று குண்டுகள் பாக்கியிருக்கும்.

முதல் வருஷம் நகரத்து கிளப்புக்குப் போனபோது அங்கிருந்த ஒரு வக்கீல், "சட்டையில பஞ்சு ஒட்டியிருக்கு, தட்டிட்டுப் படுப்பா" என்றார். "பரவாயில்ல சார், சுட்ட பிறகு துப்பாக்கி துடைக்க உதவும்" என்றார் கல்லு. அன்று வக்கீலைத் தோற்கடித்தார். அதன்பிறகு மாவட்டத்தில் அவரைத் தோற்கடித்தவர் இல்லை.

அந்த நாளில் காதுக்கு எதையும் வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. ஆலை முழுக்கப் பஞ்சு. ஒரு துணுக்கைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை, வைத்திருந்தால் சிரித்திருப்பார்கள். தறி பாதிக் காதைத் தின்றிருந்தது. மீதியைத் துப்பாக்கி தின்றது. முதலில் இடது காது, அப்புறம் வலது. பகலில் வேலை செய்கிற இடத்தில் யாருக்குமே கேட்பதில்லை. வீட்டில் மனைவி அதே ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் இருப்பவள். குரல் இல்லாமல் பேசிப் பழகியவள். கணவனும் மனைவியும் அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து உதட்டாலேயே சண்டை போடுவார்கள். "அந்த வீட்ல ஒரு சத்தம் உண்டா? புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இருக்கணும்" என்று பக்கத்து வீட்டுக்காரி தன் கணவனுக்குச் சொல்லிக் காட்டுவாள். இப்படியாக, கல்லுவுக்குக் காது போனது யார் கண்ணிலும் படாமல் போனது.

முதலில் கண்டுபிடித்தவன் மனைவியின் தம்பி. தறிக்கூடத்தில் எண்ணெய் விடுகிறவன். சுடுபவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எங்கே பட்டது என்று எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மாமாவுக்கு மைத்துனன் எழுதினான். ஒருநாள் பயிற்சியில் எல்லாரும் நிறுத்திய பிறகு கல்லு ஒரு குண்டு சுட்டார். மைத்துனன் அவர் எழுந்திருக்கும் வரை காத்திருந்து, முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"நிறுத்துன்னு சொன்னாங்களே மாமா."

"காத்து வேகமா அடிச்சுது."

"காத்தா? இலைகூட ஆடல."

கல்லு கைவாரை அவிழ்த்தார். அன்று சாயங்காலம் மனைவிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டினா, கேக்கலைன்னு எழுதிக் குடுப்பார். அப்புறம் என்னை வரிசையில படுக்க விடமாட்டாங்க."

"படுக்கிறதுக்கா இந்தப் பாடு? வீட்ல படுங்களேன், யார் வேண்டாம்னா?"

அவர் சிரிக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் ஆலையின் சங்கு சொல்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். வக்கீல்களும் பல்டாக்டர்களும் எழுந்து நின்று பார்க்க, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு படுத்து, அவர்களைவிட நன்றாக ஒன்றைச் செய்வது. அதை விட்டால் தறியும் சோறும் தூக்கமும்தான் பாக்கி.

ஆகவே வழி ஒன்று செய்தார்கள். மைத்துனன் தன் ஸ்டூலை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுடைய கால் விரல் கல்லுவின் பூட்ஸ் அடியைத் தொடும். ஒரு தட்டு என்றால் சுடலாம். இரண்டு தட்டு என்றால் நிறுத்து. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மைத்துனனுக்குக் கால் ஆட்டுகிற வியாதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுடுதளத்தின் ஆபீசர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர். அவர் குரல் பிரசித்தம். அவர் நிறுத்து என்றால் ஆலைக்கு வெளியே வண்டிமாடு நின்றுவிடும் என்பார்கள். ஆனால் அந்த வருஷம் தொண்டையில் ஏதோ கட்டி வந்து, கத்தி வைத்து எடுத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது குரல் இருந்தது, நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "கேட்டுதா?" என்பார். "சார், பக்கத்து ஊருக்கே கேட்டுது" என்று சொன்னாலும் முகம் தெளியாது.

தேசியப் போட்டி முதன்முதலாக நடக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதற்குத் தகுதிச் சுற்று ஆலைச் சுடுதளத்தில். புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள்: அவரவர் ஆள் அவரவருக்கு எழுதக்கூடாது, எழுதுபவர்களை அணிக்கு அணி மாற்றிப் போட வேண்டும். சுற்று தொடங்குவதற்கு முன்தான் அதை வாசித்தார்கள். மைத்துனனை வரிசையின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டு, கல்லுவின் பின்னால் கிளப்புக்காரர்களின் கணக்கப்பிள்ளை ஒருவரை உட்கார வைத்தார்கள்.

மைத்துனன் போகிற போக்கில் முகத்தைத் திருப்பி உதட்டை அசைத்தான். "வயித்துவலின்னு சொல்லிடுங்க மாமா."

கல்லு தலையாட்டவில்லை. "பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்துக்கறேன்" என்றார்.

"துப்பாக்கிக்குள்ள கண்ணை வெச்ச பிறகு யாரைப் பாப்பீங்க?"

அவர் படுத்துவிட்டார்.

முக்கால்வாசி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். இலக்குகளுக்குக் கீழே குழி. குழிக்குள் இருப்பவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் இலக்குச் சட்டத்தைக் கயிற்றால் கீழே இறக்கி, ஓட்டைமேல் காகிதம் ஒட்டி, மறுபடி ஏற்றி, பட்ட இடத்தை நீளக் கழியில் கட்டிய தட்டால் காட்டுவார்கள். கல்லுவின் இலக்கைப் பார்த்துக்கொண்டது ஆலையிலேயே பாவு பிணைக்கிற ஆள். பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழிக்கு வருவார். கல்லுவின் இலக்கைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வார். "ஒரே இடத்துல சுடுவான், ஒரே இடத்துல ஒட்டினாப் போதும்" என்பார்.

வரிசையில் பெரும்பாலோர் முடித்துவிட்டார்கள். கல்லுவுக்கும் அவருக்குப் பக்கத்துக்காரருக்கும்தான் பாக்கி. அப்போது பக்கத்து இலக்கின் கயிறு பாதையை விட்டு நழுவி, கல்லுவின் சட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்து இலக்கு பாதியில் நின்றது. குழியிலிருந்து போன் வந்தது. வரிசையின் கோடியில் நின்றிருந்த ஆபீசர் போனைக் கேட்டார், நிறுத்து என்று கூவினார், சிவப்புக் கொடியை ஏற்றப் போனார்.

கல்லு குறி பார்க்கத் தொடங்கி விட்டிருந்தார். இடது கண்ணைத் தகடு மறைத்திருந்தது. வலது கண்ணில் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் கறுப்பு. பூட்ஸில் எதுவும் தட்டவில்லை. நாடி ஒருமுறை தட்டியது. அடுத்த தட்டுக்கு முன் விசையை அழுத்தினார்.

நல்ல குண்டு. அழுத்தும்போதே தெரிந்துவிடும். குழியிலிருந்து கழித்தட்டு எழுவதற்காகக் காத்திருந்தார். எழவில்லை. இலக்கு இறங்கவும் இல்லை. தலையைத் தூக்கியபோது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லா வாயும் திறந்திருந்தது. ஒரே சமயத்தில் இத்தனை வாய்கள் அசைந்தால் எதையும் படிக்க முடியாது. மைத்துனன் குழியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பாவு பிணைப்பவர் மாட்டிய கயிற்றை எடுக்க எழுந்து, பிடிமானத்துக்காகக் கல்லுவின் இலக்குச் சட்டத்தின் பின்னால் குறுக்குக் கட்டையைப் பிடித்திருந்தார். அந்தக் கட்டை கறுப்புக்கு நேர் பின்னால் ஓடியது. குண்டு கறுப்பின் நடுவே போயிருந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணை கிளப்பில் நடந்தது. கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள், பச்சைத் துணி விரித்த மேஜை, மேஜைக்குப் பின்னால் தலைவர். அவர் பல்டாக்டர். ஊரார் வாயை எல்லாம் திறந்து பார்க்கிற அந்த மனிதர் தன் வாயை ஒரு பெரிய மீசையால் மூடி வைத்திருந்தார். கல்லுவால் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மைத்துனன் இதை எதிர்பார்த்து, சாட்சிகள் பெஞ்சில் தலைவருக்கு நேர் பின்னால் இடம் பிடித்திருந்தான். தலைவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அவன் தறிக்கூடத்துப் பாணியில் உதட்டால் திருப்பிச் சொன்னான். கல்லு தலைவரின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். மரியாதையான ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

கணக்கப்பிள்ளை, "ஏதோ கேட்ட மாதிரி இருந்துது, உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். முடித்துவிட்டு எழுந்தவர்கள், தாங்கள் கவனிக்கவில்லை என்றார்கள். பக்கத்துக்காரர் தன் இலக்கு மாட்டியதால் நிறுத்தியதாகச் சொன்னார். மைத்துனன் தனக்குக் கேட்கவில்லை என்றான். அந்தக் கோடியில், ஆபீசருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவன் அவன்.

ஆபீசர் எழுந்தார். தலைவரைப் பார்க்கவில்லை. கல்லுவுக்கு நேரே வந்து நின்றார். அவர் உதடுகள் ராணுவத்தில் பழகியவை, ஒவ்வொரு சொல்லையும் வெட்டி வைப்பவை.

"தம்பி, நான் கத்தினேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். இவங்க சொல்றதைக் கேட்டா எனக்கே சந்தேகம் வருது. தொண்டையில சத்தம் வராம வாய் மட்டும் அசைஞ்சிருக்குமோ? ஆஸ்பத்திரியில அப்படித்தான் ஆகும். நீதான் கடைசியா சுட்டவன். நீ சொன்னா நம்பறேன். நான் சொன்னேனா, சொல்லலையா?"

கல்லு ஒவ்வொரு சொல்லையும் படித்தார். நகரம் முழுக்க அவருக்கு இவ்வளவு தெளிவாகப் பேசுகிற மனிதர் வேறு இல்லை.

"சொல்லலை சார்."

ஆபீசர் ஒரு முறை தலையை அசைத்தார். "அப்ப சரி" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திராமல் போனார்.

ஆபீசரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கூடவே, இதெல்லாம் ஆளை மாற்றிப் போட்டதால் வந்த குழப்பம் என்று யாரோ சொல்ல, அந்தப் புது விதியையும் எடுத்துவிட்டார்கள். கல்லு தகுதிச் சுற்றில் தேறியதாக எழுதினார்கள். மைத்துனனின் ஸ்டூல் பழைய இடத்துக்கு வந்தது.

வீட்டில் மனைவி நடந்ததைக் கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"அந்தக் கையைப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து துப்பாக்கியைத் தொடுங்க."

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பாவு பிணைப்பவர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டு ஒரு சிறிய தலையணை அளவுக்கு இருந்தது. கல்லு கட்டிலின் இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். படுத்திருந்தவரின் மூச்சு கம்பி வழியாக வந்தது. பார்வை நேரம் முடிந்து நர்ஸ் தோளைத் தொடும் வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வந்து, துப்பாக்கியைத் தொட்டார்.

தலைநகரத்தில் நடந்த போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல வெளிச்சம், குறுக்குக்காற்று. முதல்நாள் பின்தங்கியிருந்தார். இரண்டாம் நாள் காற்று திரும்பிக்கொண்டே இருந்ததால் அவசரப்பட்டவர்கள் எல்லாம் சிதறினார்கள். மெதுவாகச் சுடுகிறவர் மிஞ்சினார். பூட்ஸில் ஒரு தட்டு, பூட்ஸில் இரண்டு தட்டு. கடைசிக் குண்டுக்கு முன் முன்குறிக்குப் பின்னால் கறுப்பு அவர் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியவில்லை. ஒரு கை அதைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது. அவர் அந்தக் கைக்கு நடுவே சுட்டார். பட்டம் அவருடையது.

ஆலைக்குத் திரும்பிய அன்று முதலாளி நேரம் காலம் இல்லாமல் சங்கை ஊதச் சொன்னார். வாசலில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்லுவுக்குச் சங்கு பாதத்தில் கேட்டது.

பாவு பிணைப்பவரை வாசலில் போட்டிருந்தார்கள். வெளியே போகிறவர்களின் டிபன் பாத்திரத்தைத் திறந்து, நூற்கண்டு ஏதும் போகிறதா என்று இடது கையால் துழாவுகிற வேலை. கூட்டம் கலைந்த பிறகு கல்லு அவரிடம் போனார்.

"என்ன சாம்பியன், கோப்பையில டீ ஊத்திக் குடிக்கலாமா? கைப்பிடி ரெண்டு இருக்கு, எனக்கு ஒண்ணு வீண்" என்றார் அவர்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே."

"உன் காதைப் பத்தியா?"

கல்லு அவர் உதட்டையே பார்த்தார். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்தார்.

"எல்லாருக்கும் தெரியும்டா. கூடத்துக்குள்ள எல்லாரும் உதட்டைத்தான் பாப்போம். வெளிய வந்த பிறகும் உதட்டையே பாக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

"அப்ப அன்னிக்கு..."

"அன்னிக்கு அவர் குரல் குழி வரைக்கும் கேட்டுது. போன்ல எழுந்திருன்னு சொல்ற வரைக்கும் நான் காத்திருந்திருக்கணும். குரலைக் கேட்டதும் எழுந்துட்டேன். அவர் குரல்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

"ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல? சொன்னா உன்னை எடுத்துடுவாங்க. கோப்பை அந்த வக்கீல் வீட்டுக்குப் போகும். கை எப்படிப் போச்சுன்னு யாராவது கேட்டா, ஒரு செவிடன் சுட்டான்னு சொல்லவா? இப்ப சாம்பியனோட குண்டுன்னாவது சொல்லிக்கறேன்." அடுத்து வந்தவனின் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "அந்த மனுஷன்தான் பாவம். எங்க வீட்டுக்காரி கடையில பாத்தாளாம். வாயே திறக்கிறதில்ல. வேணுங்கிறதைக் கையால காட்டி வாங்கறாராம். கடைக்காரன் ஊமைன்னு நினைச்சு அதிகமா ஒண்ணு போட்டுக் குடுத்தானாம்."

கல்லு வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆபீசரின் தெருவுக்குப் போனார்.

மகள் கதவைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆபீசர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. கல்லு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: தறி, காது, ஸ்டூல், கால் விரல், தட்டு, பொய். ஆபீசரின் உதடுகள் அசைந்தன. கல்லுவால் படிக்க முடியவில்லை. அந்த உதடுகள் இப்போது சொற்களை வெட்டி வைக்கவில்லை. பல்லோடு ஒட்டி ஒரு கோடாக இருந்தன. மகள்தான் திருப்பிச் சொன்னாள்.

"ஜெயிச்சவன் வந்து எனக்குப் பிச்சை போடறியான்னு கேக்கறார்."

"இல்ல சார்."

"காது கேக்காதவன் எப்படிச் சாம்பியன் ஆவான்? யார் உன்னை அனுப்பினாங்கன்னு கேக்கறார்."

"யாரும் அனுப்பலம்மா."

"அன்னிக்கு என் குரல் வரலை. அதை நான் ஒத்துக்கிட்டாச்சு. திரும்பத் திரும்ப வந்து குத்த வேண்டாம்னு சொல்றார்." அவள் முகம் சிவந்திருந்தது. அவளாகவே ஒன்றைச் சேர்த்தாள். "அப்பா வீட்லயும் வாய்விட்டுப் பேசறதில்ல. நீங்க கிளம்புங்க."

கல்லு கிளம்பினார். படி இறங்கித் தெருவின் நடுவே வந்ததும், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

"சார், நிறுத்துன்னு சொல்லுங்க" என்றார், எவ்வளவு சத்தமாக என்று தெரியாமல். "நான் திரும்ப மாட்டேன். என்னை நம்ப வேண்டாம். தெருவைப் பாருங்க."

எதிரே சைக்கிள் ரிப்பேர்க்காரர் சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். குழாயடியில் ஒரு பெண் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். கைவண்டியின் மேல் ஒருவர் துண்டைப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். கல்லு நின்றார். பின்னால் கதவு மூடியிருக்கலாம். ஆபீசர் சிரித்துக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியில்லை. சைக்கிள்காரர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வேலையில் குனிந்தார்.

திடீரென்று அவர் கை சக்கரத்தில் நின்றது. தலை நிமிர்ந்தது. குழாயடிப் பெண் திரும்பியதில் குடம் சரிந்தது. கைவண்டிக்காரர் எழுந்து உட்கார்ந்து துண்டைத் தேடினார். தெருக்கோடியில், எவனோ ஒருவன் ஓட்டிவந்த சைக்கிளிலிருந்து காலைத் தரையில் ஊன்றி நின்றான். எல்லாரும் கல்லுவைத் தாண்டி அவருக்குப் பின்னால் பார்த்தார்கள்.

அவர் திரும்பினார். ஆபீசர் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். துண்டு அவிழ்ந்து கிடந்தது. கழுத்து நரம்புகள் இன்னும் இறங்கவில்லை. மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"எனக்குக் கேக்கலை சார்" என்றார் கல்லு. "ஆனா பாத்தேன். தெருக்கோடி வரைக்கும் நின்னுட்டாங்க."

ஆபீசர் தெருவைப் பார்த்தார். காலை ஊன்றி நின்றவனைப் பார்த்தார். பிறகு படி இறங்கிக் கல்லுவுக்கு அருகே வந்தார். உதடுகள் பழையபடி திறந்தன. முதல் சொல் "தம்பி" என்பது தெரிந்தது. அத்தோடு நிறுத்தி, ஏதோ நினைவுக்கு வந்தவர்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டு பேசினார். தாடை அசைவது மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது. நெடுநேரம் பேசினார். பேசி முடித்ததும் உள்ளே போனார்.

"என்னம்மா சொன்னார்?"

மகள் தரையைப் பார்த்தாள். தலையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

போகிற வழியில் கல்லு கிளப் தலைவரான பல்டாக்டரின் வீட்டிலும் ஏறினார். மைத்துனனை ஆலையிலிருந்து வரவழைத்து, அவனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மீசை வெகுநேரம் அசைந்தது. மைத்துனன் சுருக்கமாகச் சொன்னான்: இது வெளியே தெரிந்தால் நாட்டுக்கே கேவலம், பட்டம் அப்படியே இருக்கட்டும், இனிமேல் வரிசைப் பக்கம் வரவேண்டாம், ஆபீசர் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது, அதை மாற்றுவதற்கில்லை. "என்னையும் வெளிய போன்னுட்டார் மாமா" என்று முடித்தான்.

மனைவி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து எதிரே உட்கார்ந்ததும் நிமிர்ந்தாள்.

"போனீங்களா?"

"போனேன்."

"என்ன சொன்னார்?"

"தெரியல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். நீளமாப் பேசினார்."

அவள் ஒரு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு அவர் நன்றாகப் பார்க்கும்படி முகத்தைத் தூக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அப்ப திட்டுதான். மன்னிப்புன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்."